ரத்தமே இல்லாத சீன்

காலையில் என்னோடு கடற்கரைச் சாலையில் நடக்கிற நீங்கள் நாலு பேரும் போன வாரம் ஒரு கேள்வி கேட்டீர்கள். உங்களில் ஒருத்தியின் பேரனுக்குப் பதினாலு வயது. புதிதாக வந்திருக்கிற அந்த ராஜா காலத்துச் சண்டைப் படத்துக்குப் போகவேண்டும் என்று அடம். வகுப்பில் பாதிப் பேர் பார்த்தாயிற்றாம். ரத்தம் தெறிக்கிறது, வேண்டாம் என்கிறாள் மருமகள். நம் சரித்திரத்தை நாமே பார்க்காவிட்டால் எப்படி என்கிறான் மகன். "நீதான் எல்லாப் படத்தையும் மொத ஆளா பார்த்துடறியே, நீ சொல்லு" என்று தீர்ப்பை என் தலையில் கட்டினீர்கள்.

வியாழக்கிழமை மதியம் தனியாகப் போய்ப் பார்த்தேன். இருபது தலை வரைக்கும் எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். ரத்தம் கோலப்பொடி தூவுகிற மாதிரி மெதுவாகப் பறந்து வருகிறது. எனக்கு முன்வரிசையில் இரண்டு பையன்கள் சோளப்பொரி தின்றுகொண்டே பார்த்தார்கள். ஒரு கை கூட நடுவில் நிற்கவில்லை. மறுநாள் நீங்கள் கேட்டதும், "பக்கத்துல யாரு ஒக்காரப் போறா?" என்று திருப்பிக் கேட்டேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்ல மாட்டாயா என்றீர்கள்.

என்னிடம் இருக்கிற பதில் கொஞ்சம் நீளம். நடந்துகொண்டே சொன்னால் மூச்சு வாங்கும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

எனக்குப் பதின்மூன்று வயது நடந்த கோடை அது. திருவொற்றியூரில் ரயில் பாதைக்குக் கிழக்கே எங்கள் லைன் வீடுகள் இருந்தன. பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து வீடு, எதிரும் புதிருமாக. நடுவில் கைபம்பு. வீட்டுக்கு ஒரே அறை, பின்னால் சமையலுக்கு ஒரு மறைப்பு. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு செங்கல் கனத்தில் சுவர். கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியை எடுக்கும்போது எண்ணூர்ப் பக்கத்துப் புகைக்கரி விரலில் ஒட்டும். கடல் காற்று வந்தால் கருவாட்டு வாசம், காற்று திரும்பினால் தொழிற்சாலையின் மூக்கைக் குத்துகிற நெடி. கடிகாரம் உள்ள வீடுகள் இரண்டுதான். மற்றவர்களுக்கு ஷிப்டு சங்குதான் மணி.

பகலில் அங்கே யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் வெந்துபோவோம். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு இருமல், யார் பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டது, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். எதிர் வீட்டில் மட்டும் சில நாள் காலையில் கதவு சாத்தியிருக்கும். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கும். பிறகு ரேடியோ சத்தமாக வைக்கப்படும். பாட்டோ, சந்தை நிலவரமோ, எது ஓடினாலும் முழுச் சத்தம். அரை மணி கழித்து ரேடியோ அடங்கும், கதவு திறக்கும். சில வீட்டில் பூனை வளர்ப்பார்கள், சில வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவார்கள்; அதுபோல இது அந்த வீட்டு வழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த வீட்டுக்காரர் எங்கள் தெருமுனைப் படிப்பகத்தின் செயலாளர். எல்லாருமே அவரைச் செயலாளர் என்றுதான் கூப்பிடுவோம். என் அப்பா வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் அவர் ஃபோர்மேன். உயரம், வெளுத்த சட்டை, இடது கையில் கடிகாரம். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் காலையில் படிப்பகத்தில் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். லைனுக்குக் கைபம்பு வந்தது அவர் எழுதிய மனுவால். ஆறாம் வகுப்பில் எனக்கு இடமில்லை என்று பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பியபோது, என் கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தலைமையாசிரியையிடம் ஒரு மணி நேரம் நின்று பேசி இடம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அவர் மகள் என் தோழி. என்னைவிட நாலு மாதம் இளையவள். அவளுக்குக் கீழே பதினொரு வயதில் ஒரு தம்பி. அவள் அம்மா அதிகம் பேசமாட்டார். அக்னி நட்சத்திரத்திலும் முழங்கை தாண்டி நீளக் கை வைத்த ரவிக்கை போட்டிருப்பார். எங்கள் அம்மாக்களெல்லாம் வெயிலுக்கு ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகையில் இவர் மட்டும் நாகரிகக்காரி என்று நானும் தோழியும் பெருமையாகப் பேசிக்கொண்டதுண்டு.

அந்தக் கோடையில்தான் எங்கள் சினிமாக் கொட்டகைக்கு ஒரு ராஜா படம் வந்தது. அந்தக் கொட்டகை முன்பு டூரிங்காக இருந்து, பிறகு தகரக் கூரையும் அரைச் சுவரும் கண்டது. பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்று நடுவில் இடுப்பளவுச் சுவர். மர பெஞ்சு, பெஞ்சின் இடுக்கில் மூட்டைப்பூச்சி. படம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே தட்டுவண்டியில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, பறை அடித்து, ரோஸ் கலர் நோட்டீசை வீசிக்கொண்டு போனார்கள். தட்டியில் ஒரு ராஜா இரண்டு கையிலும் வாளோடு குதிரைமேல். குதிரைக்கு மனுஷக் கண் வரைந்திருந்தார்கள். கீழே, 'ரத்தத்தை உறையவைக்கும் வீர சரித்திரம்'.

நோட்டீசு வந்த நாளிலிருந்து பசங்கள் விளக்குமாற்றுக் குச்சியும் தென்னை மட்டையுமாகச் சண்டை போட ஆரம்பித்தார்கள். ஒருவனுக்குப் புருவம் கிழிந்து தையல் போடவேண்டி வந்தது. அம்மாக்கள் கவலைப்பட்டார்கள். படத்தைப் பார்க்காமலே இந்தக் கதி, பார்த்தால் என்ன ஆகுமோ என்று. கடைசியில் எல்லாருமாகச் செயலாளரிடம் போனார்கள். அவர் முதலில் பார்த்துச் சொல்லட்டும், பிள்ளைகளை அனுப்பலாமா கூடாதா என்று.

வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு வந்து, சனிக்கிழமை காலையில் படிப்பகத்தில் சொன்னார். வாசலில் நின்று நாங்களும் கேட்டோம்.

"ரத்தம் கொஞ்சம் ஜாஸ்திதான், இல்லன்னு சொல்லல. ஆனா வீரம்னா இன்னா, விசுவாசம்னா இன்னா, நம்ம புள்ளைங்க தெரிஞ்சிக்கணுமா வாணாமா? பதிமூணு வயசு ரொம்பினவங்க போலாம். அதுக்குக் கீழ வாணாம். அதுங்க தூக்கத்துல பொலம்பும்."

யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. என் தோழிக்குப் பதின்மூன்று ரொம்பி இருபது நாள்தான் ஆகியிருந்தது. அவள் தம்பி அழுது உருண்டான். "நைனா சொன்னா சொன்னதுதான்டா" என்றாள் அவள், கொஞ்சம் கர்வமாகவே.

புதன்கிழமை பகல் ஆட்டத்துக்குப் போனோம். நான், தோழி, என் அம்மா, பாயம்மா. பாயம்மா என்றால் தெருமுனை மளிகைக்கடை பாயின் மனைவி; ராயபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். செயலாளர் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். கிளம்பும்போது தோழியின் அம்மாவையும் என் அம்மா கூப்பிட்டாள்.

"நீயும் வாயேன்மே. ஒரு நாளைக்கு அடுப்ப அணைச்சிட்டு வா."

"எனக்கு சினிமான்னாலே தலநோவு வந்துடும்க்கா. நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

படம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? முதல் அரை மணியிலேயே ஒரு கோட்டையைப் பிடித்தார்கள். கொதிக்கிற எண்ணெயை மதில்மேலிருந்து ஊற்றினார்கள். ஒரு தளபதியின் கை வெட்டுப்பட்டு வாளோடு சேர்ந்து தரையில் விழுந்து, வாளை விடாமல் பிடித்திருந்தது. தோழி என் தொடையில் ஓங்கி அடித்து, "ஏய் பாருடி, பாருடி!" என்றாள். வேர்க்கடலையை ஒவ்வொன்றாக மேலே போட்டு வாயால் பிடித்துத் தின்றுகொண்டிருந்தாள். ராஜாவின் மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டின வெள்ளைத் தடம் தெரிந்தது. இரண்டு பேரும் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தோம். முன்னால் இருந்த ஓர் அம்மா திரும்பி, "கம்முனு பாருங்களேன்டி" என்றாள்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் அந்த சீன் வந்தது. ராஜாவுக்கு ராணிமேல் சந்தேகம். அந்தப்புரத்துக்கு வருகிறார். பணிப்பெண்களையெல்லாம் வெளியே போகச் சொல்கிறார். ராணி எழுந்து நிற்கிறாள். அவர் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பிப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போடுகிறார். பிறகு ஜன்னல் வழியாக வெளியே நிற்கிற காவலாளியிடம், "முரசு கொட்டச் சொல்" என்கிறார். முரசு ஒலிக்கிறது. ராணியின் முகம் ஒரு முறை. அவ்வளவுதான், சீன் முடிந்தது. அடுத்து யானைப்படை. அந்த ராணி அதற்குப் பிறகு படத்தில் வரவே இல்லை. கதைக்கு அவள் தேவைப்படவில்லை.

பக்கத்தில் கடலை மெல்லுகிற சத்தம் நின்றிருந்தது. திரும்பினேன். தோழி இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, உடம்பைச் சுருட்டி, பெஞ்சிலிருந்து நழுவிக்கொண்டிருந்தாள். தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்துத் தோளை உலுக்கினேன். தோள் கட்டைபோல இருந்தது. பெஞ்சுக்கு அடியில் போய் முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மூச்சு ஒழுங்காக வரவில்லை. "யம்மா! இவள பாரேன்!" என்று நான் கத்தி, அம்மா குனிந்து பார்த்து, பாயம்மா எழுந்து, நாலு பேர் திரும்பினபோது, திரையில் யானைப்படை போய் அரசவை வந்து, துரோகி ஒருவனின் தலையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். தலை படியில் உருண்டது. திரும்பிப் பார்த்த எல்லாரும் பார்த்தது அந்தத் தலையைத்தான்.

"பொண்ணு பயந்துகிச்சி!"

"வலிப்பும்மா, கைல இரும்பு குடுங்க!"

யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். வெயில் கண்ணை அடைத்தது. பாயம்மா கோலி சோடாவை உடைத்து அவள் முகத்தில் தெளித்தார். கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் தளர்ந்தன. நான் குனிந்தபோது என் காதருகில் கேட்டாள்:

"மோளம் நின்னுடுச்சா?"

நின்றுவிட்டது என்றேன். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

செயலாளருக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிப்டு. மதியம் இரண்டு மணி சங்குக்குப் போனால் ராத்திரிதான் வருவார். மறுநாள் காலை அவளைப் பார்க்கப் போனேன். செயலாளர் தன் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "நான்தான்மா போவச் சொன்னேன். என் தப்புதான்" என்று என்னிடம் சொன்னார். பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் தன் தப்பை ஒத்துக்கொண்ட முதல் பெரிய மனிதர் அவர்தான். அது நடிப்பில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படிப்பகத்தில் கூட்டம் போட்டார். பத்து வீட்டு ஆண்களும் வந்தார்கள். பெண்கள் வாசலில் நின்றார்கள். கொட்டகை மேனேஜரையும் வரவழைத்திருந்தார். சாதுவான மனுஷர், நெற்றியில் சந்தனம். மூலையில் இருந்த ஸ்டூலில் தோழி உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில்.

செயலாளர் எழுதி வைத்திருந்த மனுவைப் படித்தார். இளம் பிள்ளைகளின் மனதைக் கெடுக்கும் கொலைக் காட்சிகள், பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் உள்ளே விடக் கூடாது, மறுத்தால் கொட்டகை வாசலில் மறியல். கை தட்டினார்கள். மேனேஜர் எழுந்து கும்பிட்டார்.

"அய்யா, மறியல்லாம் வாணாம். புள்ள குட்டி நானும் வச்சிகினுதான் கீறேன். எந்த சீன்ல பாப்பா பயந்துச்சின்னு சொல்லுங்க. ரீல்ல அந்த எடத்த மட்டும் வெட்டிடறேன். மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

நியாயமாகத்தான் இருந்தது. செயலாளர் மகளைப் பார்த்தார். "சொல்லு கண்ணு. எந்த சீனு?"

அவள் அவரைப் பார்க்காமல் சொன்னாள். "தல வெட்ற சீன் நைனா."

மேனேஜர் சட்டைப்பையிலிருந்து துண்டுக் காகிதத்தை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் செய்ததை நல்ல காரியமாக யாராவது சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தலை உருளுகிற சீனை அவளைத் தூக்குகிற அவசரத்தில் நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அடுத்த வாரம் சித்தியோடு இன்னொரு தடவை போவதாக இருந்தேன். அதை வெட்டப் போகிறார்களே என்ற பதற்றம்தான்.

"அது இல்ல!" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"தல வெட்றப்ப இவ பெஞ்சுக்கு அடியில இருந்தா. அத்த பாக்கவே இல்ல. இவ பயந்தது அதுக்கு முன்னாடி. ராஜா ராணி ரூமுக்கு வந்து கதவ தாப்பா போட்டுட்டு, வெளிய மோளம் அடிக்கச் சொல்வார் இல்ல? அப்பதான் காத பொத்திகினா."

மேனேஜர் சிரித்தார். "அதுலயா? அதுல ஒண்ணியும் இல்லியேம்மா. ரத்தமே இல்லாத சீனு அது. ஒரு அடி கூட கெடியாது."

"அதுலதான்" என்றேன். "எழுந்ததும் மோளம் நின்னுடுச்சான்னு என்கிட்ட கேட்டா."

மேனேஜர் சிரித்துக்கொண்டே மற்றவர்களைப் பார்த்தார், அவர்களும் சிரிப்பார்கள் என்று. யாரும் சிரிக்கவில்லை. என் அப்பா மேசைமேல் இருந்த செய்தித்தாளின் ஓரத்தை மடித்தார், பிறகு நீவினார். கடை பாய் தரையைப் பார்த்தார். வாசலில் பெண்கள் நின்ற இடத்தில் யாரோ இருமினார்கள். செயலாளர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமாக இல்லை. தெரியாத ஊரில் இறங்கிவிட்டவர் பெயர்ப்பலகையைத் தேடுகிற மாதிரி ஒரு பார்வை.

"கொழந்த, கொயப்பிக்குது" என்றார் கடைசியில். "தல வெட்ற சீனையே எடுத்துடுங்க."

மனுவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்பாவும் போட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என் மணிக்கட்டை விடவே இல்லை. அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. அன்றைக்கு முழுக்க அவள் என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. தோழி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். நாலாம் நாள் கைபம்பில் குடத்தை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "ஒன்ன யாருடி கேட்டா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பக்கம் பேசினதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

அடுத்த வாரத்தில் ஒரு காலை, எதிர் வீட்டில் கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது. ரேடியோ ஏறியது. அம்மா அடுப்படியில் இருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஒரு டம்ளரை எடுத்தாள், நேராகப் போய் அந்தக் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். டம்ளரின் அடியால் தட்டினாள்.

கதவு பாதி திறந்து செயலாளர் தலை தெரிந்தது.

"ஒண்ணுமில்லண்ணா. உற மோர் தீந்துபோச்சி. அவ இல்லியா?"

தோழியின் அம்மா உறை மோர் கொண்டுவந்து ஊற்றுகிற வரைக்கும் அம்மா வாசலிலேயே நின்றாள். வாங்கின பிறகும் நின்று, வெயிலைப் பற்றி ஏதோ பேசினாள். ரேடியோ அடங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் மோர்ச் சட்டி நிறைய மோர் இருந்தது. அதை நான் சொன்னபோது, "ஒன் வேலயப் பாரு" என்றாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கதவு சாத்தியது. இந்தத் தடவை பாயம்மா போய்ச் சல்லடை கேட்டார். அதற்கடுத்த முறை கடைசி வீட்டுக்காரி, சின்ன கரண்டி. ஒரு முறை அம்மாவும் பாயம்மாவும் ஒரே நேரத்தில் போய்விட்டு, வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "நீ கேளு", "இல்ல நீ கேளு" என்று நின்றார்கள். பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேசினதை நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் லைனுக்கே திடீரென்று இரவல் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா தட்டினாள். உப்பு கேட்டாள் என்று நினைவு. செயலாளர் கதவை முழுக்கத் திறந்தார்.

"தோ பாரும்மா. இது இன்னா சத்திரமா? தெனிக்கும் ஒருத்தி வந்து நின்னுகினு. உன் வூட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். இனிமே என் வூட்டுக் கதவத் தட்டாத."

முகத்துக்கு நேரே சாத்தினார். தாழ்ப்பாள். ரேடியோ, முன்னைவிடச் சத்தமாக.

அம்மா படியை விட்டு இறங்கினாள். பிறகு வீட்டுக்குள் வந்தாள். முறத்தில் அரிசியைக் கொட்டி எடுத்துக்கொண்டு போய், அவர் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து கல் பொறுக்க ஆரம்பித்தாள். பாயம்மா கீரைக்கட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசி வீட்டுக்காரி வந்தாள். ஒருத்தி பிள்ளைக்குப் பேன் பார்க்க வந்தாள். அரை மணிக்குள் எட்டு ஒன்பது பேர். யாரும் கதவைத் தட்டவில்லை, அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. ரேடியோவுக்கு மேலே குரலை உயர்த்தி, காசிமேட்டில் நெத்திலி வரத்து எப்படி, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டியிருக்கிறது, இதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே ரேடியோ நின்றது. யார் நிறுத்தினார்கள் என்று தெரியாது.

கதவு திறந்தது. தோழியின் அம்மா வந்தார். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் மகன். முந்தானையை வாயில் வைத்து அழுத்தியிருந்தார். பின்னால் தோழி, பள்ளிக்கூடப் பையோடு.

"எங்க போற?" என்றார் செயலாளர் உள்ளேயிருந்து. அதட்டல் இல்லை. கேள்விதான்.

என் அம்மா எழுந்து, மடியில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டினாள்.

"காத்திவாக்கத்துல அவ அண்ணன் வூட்டுக்குப் போய்ட்டு வரட்டும்ண்ணா. ரெண்டு நாளு இருந்துட்டு வரட்டும். நீங்க ஷிப்டுக்குப் போங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். அவர் வாசல் வரைக்கும் வந்தார். படி முழுக்கப் பெண்கள். தாண்டி வரவேண்டுமானால் யாராவது ஒருத்தியைத் தொட்டு நகர்த்தவேண்டும். அவர் நின்றுவிட்டார்.

எல்லாருமாக பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். எதற்கு இத்தனை பேர் என்று எனக்குத் தெரியவில்லை. திருவிழாவுக்குப் போகிற மாதிரி இருந்தது. நிறுத்தத்தில் தோழி என் பக்கத்தில் வந்து நின்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

"தல வெட்ற சீன வெட்டிட்டாங்களாமே?"

"ஆமா. சித்தி கூட போனேன். யான வருது, உடனே கல்யாணப் பாட்டு வந்துடுது."

"அத்தப் போய் வெட்டினாங்க பாரு" என்றாள். "அதுதான் நல்லா இருந்திருக்கும்."

எண்ணூர் பஸ் வந்தது. ஏறிவிட்டார்கள்.

இரண்டு நாள் என்றது முடியவே இல்லை. காத்திவாக்கத்தில் அண்ணன் கழிமுகத்தில் இறால் பிடிப்பவர். தோழியின் அம்மா இறால் உரிக்கிற வேலைக்குப் போனார். தோழி எண்ணூரில் படித்து நர்ஸானாள், ஓய்வும் பெற்றுவிட்டாள். பேரன் பேத்தி இருக்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை பேசிக்கொள்வோம். அந்தக் கோடையைப் பற்றி அவளும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை.

செயலாளர் அதே வீட்டில்தான் இருந்தார். இரண்டு தடவை காத்திவாக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தார் என்று கேள்வி. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிப்பகத்தில் செய்தித்தாள் படிப்பதும் மனு எழுதுவதும் தொடர்ந்தது. நான் பத்தாவது தேறினபோது வீட்டுக்கு வந்து பேனா கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அவர் ஓய்வு பெற்றபோது மாலை போட்டார்கள். அப்பாவும் போட்டார். பகலில் அந்த வீட்டுக் கதவு திறந்தே கிடக்கும், உள்ளே ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார்.

வளர்ந்த பிறகு எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. அந்தக் கோடையை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கதையாக அதைச் சரி செய்து வைத்திருந்தேன். பெரியவர்களுக்குக் கண் தெரியவில்லை, ரத்தத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் சொன்னதால்தான் அம்மாவுக்கு விளங்கியது என்று. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அம்மா கடைசியாகப் படுத்திருந்த நாட்களில், ஒரு மதியம் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"படிப்பகத்துல அன்னிக்கு நான் சொன்ன பெறவுதானம்மா உனக்குப் புரிஞ்சிது?"

"எது?"

"எதிர் வூட்டு விசயம்."

அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"புரியறதுக்கு இன்னா கீது அதுல? ஒரு செங்கல்லு செவுரு, அடி வுழறது கேக்காதா? அவ கல்யாணமாயி வந்த மொத மாசத்துலேந்து எங்க எல்லாருக்கும் தெரியும். பாயம்மாவுக்குத் தெரியும். உங்க அப்பாவுக்குத் தெரியும்."

"அப்ப அத்தினி வருசம் ஏம்மா சும்மா இருந்தீங்க?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"தெரியாத மாரி இருக்கறதுதான் மருவாதின்னு நெனச்சிகினு இருந்தோம்" என்றாள். "நீ போயி அத்தினி பேர் எதிர்ல சொல்லிட்ட. அதுக்கப்பறம் தெரியாத மாரி இருக்க முடியலடி."